கோப்புப் பூட்டு முரண்

பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கணினி அமைப்பில், ஒருவர் திறந்து வைத்திருக்கும் கோப்பை இன்னொருவர் திருத்தவோ அழிக்கவோ பெயர் மாற்றவோ முயலும்போது அந்த முயற்சி மறுக்கப்படலாம், அல்லது முடிவில்லாமல் காத்திருக்கலாம். இந்நிலை கோப்புப் பூட்டு முரண் எனப்படுகிறது. பள்ளி, கல்லூரிக் கணினி ஆய்வகங்களிலும், பகிர்ந்த கோப்புறைகளைக் கொண்ட அலுவலகங்களிலும், ஒரே சர்வரில் பலர் வேலை செய்யும் யூனிக்ஸ், லினக்ஸ் அமைப்புகளிலும் இது அன்றாடம் காணப்படும் சிக்கல்.

திரையில் 'கோப்பு பயன்பாட்டில் உள்ளது' என்ற செய்தி வந்ததும் பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்று. கணினியை அணைத்துப் போடுவார்கள். அல்லது பூட்டுக் கோப்பை அழித்துவிடுவார்கள். இரண்டும் சில நேரம் பலிக்கும். பலிக்காத நேரத்தில் மற்றொருவருடைய அரைநாள் உழைப்பு போய்விடும். பூட்டு யாருடையது, எந்தக் கணினியிலிருந்து போடப்பட்டது, போட்டவர் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறாரா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை காண்பதே முரணைக் கண்டறிதல் ஆகும்.

பூட்டு எதற்காக

திருநெல்வேலி பேட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பின் அரையாண்டு மதிப்பெண் பட்டியல் ஒரே விரிதாளாக ஆய்வகச் சர்வரில் இருக்கிறது. தமிழாசிரியர் 10.05 மணிக்கு அதைத் திறக்கிறார். கணித ஆசிரியர் 10.10 மணிக்கு வேறொரு கணினியில் அதே கோப்பைத் திறக்கிறார். இருவர் முன்னும் இருப்பது பழைய பட்டியலின் தனித்தனிப் படிகள். தமிழாசிரியர் நாற்பது மாணவர்களின் மதிப்பெண்ணை இட்டு 10.30க்குச் சேமிக்கிறார். கணித ஆசிரியர் 10.40க்குச் சேமிக்கிறார். அவருடைய படியில் தமிழ் மதிப்பெண் கிடையாது. அதுவே இப்போது சர்வரில் உள்ள கோப்பு. பிழைச்செய்தி எதுவும் வராது, யாருக்கும் எதுவும் தெரியாது. தேர்ச்சி அட்டை அச்சிடும் நாளில்தான் தமிழ்ப் பாடத்துக்கான கட்டங்கள் வெறுமையாக இருப்பது தெரியவரும். கணினியியலில் இதை 'இழந்த திருத்தம்' என்பர். பூட்டு இல்லாத இடத்தில் நேர்வது இதுதான். ஆகவே பூட்டுச் செய்தி வருவது அமைப்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம்.

இச்சிக்கல் பல பயனர் கணினிகள் தோன்றிய காலத்திலேயே உடன் தோன்றியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் உருவான சிடிஎஸ்எஸ் என்ற நேரப்பகிர்வு அமைப்பில் 1966ஆம் ஆண்டு நடந்த நிகழ்வு இதற்குப் புகழ்பெற்ற சான்று. அந்த அமைப்பின் உரைத்திருத்தி, திருத்தம் நடக்கும்போது எப்போதும் ஒரே பெயருள்ள தற்காலிகக் கோப்பை உருவாக்கும்படி எழுதப்பட்டிருந்தது. ஒரு கோப்புறையில் ஒரு நேரத்தில் ஒருவரே வேலை செய்ய முடியும் என்ற விதி இருந்தவரை அதனால் தொல்லை இல்லை. கணினி நிர்வாகிகளின் வசதிக்காக அவர்களுடைய பொதுக் கோப்புறைக்கு மட்டும் அந்த விதி தளர்த்தப்பட்டது. ஒருநாள் ஒரு நிர்வாகி அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே வேளையில் இன்னொருவர் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இருவரின் தற்காலிகக் கோப்புகளும் ஒரே பெயரால் இடம் மாறின. விளைவாக, அதன்பின் கணினிக்குள் நுழைந்த ஒவ்வொருவருக்கும் அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன. கோர்பட்டோ பிற்காலத்தில் தமது டூரிங் விருது உரையில் இதை நினைவுகூர்ந்துள்ளார். விதியைத் தளர்த்தியவர்கள் அந்த விதியை நம்பி எழுதப்பட்ட நிரல் ஒன்று இருப்பதைக் கவனிக்கவில்லை. இன்றைய ஆய்வகங்களிலும் பெரும்பாலான முரண்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

இருவகைப் பூட்டு

கோப்புப் பூட்டில் இரண்டு வகை உண்டு. இவற்றை வேறுபடுத்தாமல் கண்டறிதலைத் தொடங்க முடியாது.

முதல் வகை, பூட்டுக் கோப்பு. ஒரு கோப்பைத் திறக்கும் நிரல், அதன் பக்கத்திலேயே சிறிய இன்னொரு கோப்பை உருவாக்கி வைக்கும். அது அங்கே இருப்பதுதான் பூட்டு. தமிழ்நாட்டில் 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூல்களில் ஓப்பன் ஆபீஸ் கற்பிக்கப்படுவதால் மாணவர்களுக்கு இந்த வகை பழக்கமானதே. ஓப்பன் ஆபீசும் அதிலிருந்து பிரிந்த லிப்ரே ஆபீசும் ஓர் ஆவணத்தைத் திறந்தவுடன், ஒரு புள்ளி, ஓர் அலைக்கோடு, 'லாக்' என்ற சொல், மீண்டும் ஒரு புள்ளி, அதன்பின் ஆவணத்தின் முழுப்பெயர், கடைசியில் # குறி என்ற அமைப்பில் ஒரு கோப்பை அதே கோப்புறையில் வைக்கின்றன. பெயர் புள்ளியில் தொடங்குவதால் லினக்சில் அது கண்ணுக்குத் தெரியாது. மறைந்த கோப்புகளைக் காட்டும்படி செய்தால் தெரியும். மைக்ரோசாப்ட் வேர்டும் எக்செலும் ~$ என்று தொடங்கும் மறைந்த கோப்பை இதே வேலைக்கு வைக்கின்றன.

இரண்டாம் வகை, இயக்க அமைப்பின் உட்கருவான கெர்னல் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பூட்டு. இது எந்தக் கோப்புறையிலும் தென்படாது. ஒரு நிரல் 'இக்கோப்பை எனக்குப் பூட்டித் தா' என்று கெர்னலைக் கேட்கும். யூனிக்சின் தொடக்கப் பதிப்புகளில் இந்த வசதி இல்லாததால் எல்லாரும் பூட்டுக் கோப்பையே நம்பியிருந்தார்கள். பெர்க்லி யூனிக்சின் 1983ஆம் ஆண்டுப் பதிப்பில் 'எஃப்லாக்' என்ற வசதி வந்தது. கோப்பின் ஒரு பகுதியை மட்டும் பூட்டும் வேறொரு முறை 1988ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரத்தில் இடம்பெற்றது. கெர்னல் பூட்டில் படிப்புப் பூட்டு, எழுத்துப் பூட்டு என்று இரு நிலைகள் உண்டு. படிப்புப் பூட்டை எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து வைத்திருக்கலாம். எழுத்துப் பூட்டு ஒருவருக்கு மட்டுமே. அது இருக்கும்போது வேறு யாருக்கும் எந்தப் பூட்டும் கிடைக்காது.

இவ்விரண்டு வகைகளுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு மின்தடையின்போது வெளிப்படும். மின்சாரம் போனால் கெர்னல் பூட்டு நினைவகத்தோடு அழிந்துவிடும். பூட்டுக் கோப்பு வட்டில் எழுதப்பட்டது. ஆகவே மின்சாரம் திரும்பிய பின்னும் அது அப்படியே இருக்கும். பூட்டியவர் வீட்டுக்குப் போயிருப்பார், பூட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். இதைக் கைவிடப்பட்ட பூட்டு எனலாம். நம் ஊர் ஆய்வகங்களில் காலையில் முதல் பாடவேளையில் வரும் பூட்டுப் புகார்களில் கணிசமானவை முந்தைய நாள் மின்வெட்டின் மிச்சங்கள்தாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். யூனிக்ஸ், லினக்ஸ் அமைப்புகளில் பூட்டு பெரும்பாலும் ஓர் உடன்பாடு மட்டுமே. பூட்டு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுதும் நிரலை அது தடுக்கும். கேட்காமலே எழுதும் நிரலைத் தடுக்காது. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் திருநெல்வேலிக் கால்வாய்ப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இன்று யாருடைய வயலுக்கு முறை என்பது பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. முறையை மதிப்பவர் காத்திருப்பார். மதிக்காதவர் மண்வெட்டியோடு வந்து மடையைத் திறந்தால் தண்ணீர் அவர் வயலுக்கும் பாயத்தான் செய்யும். லினக்சில் கெர்னலே கட்டாயமாகத் தடுக்கும் பூட்டு ஒன்று முன்பு இருந்தது. அதிகம் பயன்படாததாலும் நம்பகமாக இல்லாததாலும் 2021இல் வெளியான 5.15ஆம் பதிப்பில் அது நீக்கப்பட்டது. விண்டோசில் நிலைமை வேறு. அங்கு ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போதே பிறர் படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்று அறிவித்துவிடும். அதை இயக்க அமைப்பே கட்டாயமாக நடைமுறைப்படுத்தும். அதனால்தான் விண்டோசில் திறந்திருக்கும் கோப்பைப் பெரும்பாலும் அழிக்க முடிவதில்லை, லினக்சில் முடிகிறது.

மறுப்பெல்லாம் பூட்டு ஆகாது

பேட்டைப் பள்ளி எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். மாலை 4 மணிக்குத் தேர்வுப் பொறுப்பாசிரியர் மதிப்பெண் கோப்பைத் திறக்கிறார். 'படிக்க மட்டும்' என்ற நிலையில்தான் திறக்கிறது. இது பூட்டு முரணா?

ஆகாமலும் இருக்கலாம். அவருடைய பயனர் கணக்குக்கு எழுதும் அனுமதி இல்லாவிட்டாலும் இப்படித்தான் திறக்கும். வட்டு நிறைந்துவிட்டாலும், கோப்புறையில் புதுக் கோப்பு உருவாக்க அனுமதி இல்லாவிட்டாலும், பூட்டுக் கோப்பை வைக்க முடியாமல் லிப்ரே ஆபீஸ் தயங்கும். வட்டில் பிழை கண்ட லினக்ஸ், அந்த வட்டு முழுவதையுமே படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றிவிடுவதும் உண்டு. ஆகவே முதலில் அதே கோப்புறையில் புதிதாக ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிப் பார்க்க வேண்டும். அது முடியாவிட்டால் தேட வேண்டியது பூட்டை அன்று. அனுமதியையும் வட்டின் நிலையையும். இந்தச் சிறு சோதனை ஒரு நிமிடம்தான் பிடிக்கும், பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

செய்தியைச் சொல்லுக்குச் சொல் படிப்பதும் அவசியம். மாணவர்கள் ஆங்கிலச் செய்தியைக் கண்டதும் படிக்காமலே மூடிவிடுவதை எந்த ஆய்வகத்திலும் காணலாம். 'இன்னாரால் திருத்தத்துக்காகப் பூட்டப்பட்டுள்ளது' என்பது பூட்டு. 'அனுமதி மறுக்கப்பட்டது' என்பது உரிமைப் பிரச்சினை. 'நீங்களே வேறொரு கணினியில் பூட்டியிருக்கிறீர்கள்' என்று லிப்ரே ஆபீஸ் சொன்னால், அதே கணக்கின் பழைய பூட்டு எங்கோ மிஞ்சியிருக்கிறது.

பூட்டுக் கோப்பைப் படித்தல்

பூட்டுக் கோப்பு பெரும்பாலும் வெறும் உரைக் கோப்பு. அப்படியானால் எந்த உரைத்திருத்தியிலும் திறந்து படிக்கலாம். லிப்ரே ஆபீசின் பூட்டுக் கோப்பில் ஒரே வரிதான் இருக்கும். அதில் காற்புள்ளியால் பிரிக்கப்பட்டுப் பயனரின் பெயர், உள்நுழைந்த கணக்கின் பெயர், கணினியின் பெயர், பூட்டப்பட்ட நாளும் நேரமும், பயனரின் அமைப்புகள் உள்ள கோப்புறை ஆகியவை வரிசையாக இருக்கும். முதல் இரண்டு கேள்விகளுக்கான விடை பெரும்பாலும் இந்த ஒரு வரியிலேயே கிடைத்துவிடும்.

கிடைக்காமல் போவதற்குக் காரணம் ஆய்வகத்தின் அமைப்பு. லிப்ரே ஆபீசின் விருப்பங்கள் பகுதியில் பயனர் பெயரை யாரும் நிரப்பியிருக்க மாட்டார்கள். அதனால் செய்தியில் 'அறியாத பயனர்' என்றே வரும். எல்லாக் கணினியிலும் 'மாணவர்' என்ற ஒரே கணக்கை வைத்திருந்தால் கணக்கின் பெயரும் உதவாது. அப்போது கணினியின் பெயர்தான் துணை. ஒரே வட்டுப் படிமத்தை எல்லாக் கணினிகளிலும் நகலெடுத்து நிறுவியிருந்தால் அதுவும் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருக்கும். ஒரே சர்வரில் எல்லாருடைய நிரல்களும் ஓடி, மாணவர் முன் திரையும் விசைப்பலகையும் மட்டும் உள்ள மெல்லிய கணினி முறையிலோ, எல்லாப் பூட்டிலும் சர்வரின் பெயரே இருக்கும். ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும், ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பெயரும் கொடுப்பது ஆய்வகம் அமைக்கும் நாளில் ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாத ஆய்வகத்தில் கண்டறிதல் என்பது அறை முழுக்கச் சுற்றி ஒவ்வொரு திரையையும் எட்டிப் பார்ப்பதாகவே முடியும்.

பூட்டை வைத்திருக்கும் நிரலைத் தேடுதல்

கெர்னல் பூட்டுக்குப் படிக்கக் கோப்பு கிடையாது. கெர்னலைத்தான் கேட்க வேண்டும். லினக்சில் இதற்கு மூன்று கட்டளைகள் பயன்படுகின்றன. 'ஃபியூசர்' என்ற கட்டளைக்கு ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல்களின் எண்களைச் சொல்லும். விரிவாகக் காட்டும்படி கேட்டால் பயனர் பெயரையும் நிரலின் பெயரையும் சேர்த்துத் தரும். எல், எஸ், ஓ, எஃப் என்ற நான்கு எழுத்துகளால் ஆன இரண்டாவது கட்டளை, திறந்துள்ள கோப்புகளைப் பட்டியலிடும். அதன் பட்டியலில் கோப்பு எண்ணையும் திறப்பு நிலையைக் காட்டும் எழுத்தையும் தொடர்ந்து பெரிய டபிள்யூ எழுத்து இருந்தால் முழுக் கோப்புக்கும் எழுத்துப் பூட்டு உள்ளது என்று பொருள். சிறிய டபிள்யூ என்றால் கோப்பின் ஒரு பகுதிக்கு மட்டும். ஆர் எழுத்து படிப்புப் பூட்டைக் குறிக்கும். மூன்றாவதான 'எல்எஸ்லாக்ஸ்' கட்டளை கணினியில் உள்ள கெர்னல் பூட்டுகளை மட்டும் அட்டவணையாகத் தரும்; காத்திருக்கும் பூட்டின் நிலைக்கு அருகே நட்சத்திரக் குறி இருக்கும்.

இக்கட்டளைகளை நிர்வாகி உரிமையோடுதான் இயக்க வேண்டும். சாதாரணப் பயனருக்குப் பிறருடைய நிரல்களின் விவரம் காட்டப்படாது. 'யாரும் திறக்கவில்லை' என்று தோன்றும் வெற்று விடை, 'உனக்குக் காட்ட உரிமையில்லை' என்பதாகவும் இருக்கலாம். தொடக்கநிலை மாணவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுவே.

விண்டோஸ் சர்வரில் 'கணினி மேலாண்மை' என்ற பகுதியில் பகிர்ந்த கோப்புறைகளின் கீழ், வலையமைப்பு வழியாகத் திறந்துள்ள கோப்புகளின் பட்டியல் இருக்கும். யார் திறந்தார், எந்த நிலையில் திறந்தார், எத்தனை பூட்டு என்பது அதில் தெரியும். லினக்ஸ் சர்வர் சாம்பா வழியாக விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்புறையைப் பகிர்ந்தால், 'எஸ்எம்பிஸ்டேட்டஸ்' என்ற கட்டளை அதே விவரத்தைத் தரும். விண்டோசில் ஒரு வேடிக்கையும் உண்டு: ஆவணத்தை யாரும் திறக்காமலே, கோப்புறைச் சாளரத்தின் முன்னோட்டப் பலகம் அதைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும். நச்சுநிரல் தடுப்பானும் காப்புப்படி எடுக்கும் நிரலும்கூட அவ்வப்போது இப்படிச் செய்யும். இத்தகைய பூட்டுகளில் பல சற்று நேரத்தில் தாமே விலகிவிடும். ஆகவே இன்னொரு முறை முயன்று பார்ப்பது நல்லது.

கோப்பு சர்வரிலும் நிரல் வேறு கணினியிலும் இருந்தால், ஒரு கணினியில் மட்டும் கட்டளை இயக்குவது போதாது. என்எஃப்எஸ் முறையில் கோப்புறைகளைப் பகிரும் ஆய்வகத்தில் இந்தக் குழப்பம் மிகுதி. மாணவர் கணினியில் ஃபியூசர் கட்டளை அந்தக் கணினியின் நிரல்களை மட்டுமே அறியும். சர்வரில் தேடினாலோ, பூட்டு இருப்பது தெரியும். அதை வைத்திருப்பது பக்கத்து அறைக் கணினியின் எந்த நிரல் என்பது தெரியாது. பூட்டுக்கு உரிய கணினியைக் கண்டுபிடித்து, அங்கே போய் மீண்டும் தேட வேண்டும். என்எஃப்எஸ்சின் மூன்றாம் பதிப்பு வரை பூட்டு வேலையைத் தனியான ஒரு துணைநிரல் கவனித்தது. பூட்டு வைத்திருந்த கணினி திடீரென்று நின்றுபோனால், அது மீண்டும் உயிர்பெற்று 'நான் திரும்ப வந்துவிட்டேன்' என்று சொல்லும்வரை சர்வர் அந்தப் பூட்டை விடாது. பழுது பார்க்கக் கடைக்கு அனுப்பப்பட்ட கணினியின் பூட்டு பல நாள் நீடிப்பது இதனால்தான். நான்காம் பதிப்பில் பூட்டு குத்தகை போலக் கொடுக்கப்படுகிறது. கணினி குறிப்பிட்ட இடைவெளியில் குத்தகையைப் புதுப்பிக்க வேண்டும். லினக்ஸ் சர்வரில் வழக்கமான அளவு 90 நொடி. புதுப்பிக்காமல் போனால் சர்வர் பூட்டைப் பறித்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம்.

உயிருள்ள பூட்டா, கைவிடப்பட்டதா

மூன்றாவது கேள்வியே கடினமானது. நிரல் எண் கிடைத்துவிட்டால், நிரல் பட்டியலைக் காட்டும் 'பிஎஸ்' கட்டளையால் அந்த எண்ணில் எந்த நிரல் ஓடுகிறது என்று பார்க்கலாம். அந்த எண்ணில் எதுவும் இல்லையென்றால் பூட்டு கைவிடப்பட்டதே. ஏதோ ஒன்று ஓடினாலும் அது பூட்டியவரேதான் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. முடிந்த நிரலின் எண்ணை இயக்க அமைப்பு பின்னர் வேறொரு நிரலுக்குக் கொடுக்கும். நேற்றைய பூட்டுக் கோப்பில் உள்ள எண் இன்று ஓர் இசைப்பானுக்கு உரியதாக இருக்கக்கூடும். நிரலின் பெயரும் அது தொடங்கிய நேரமும் பொருந்த வேண்டும்.

எண் இல்லாத பூட்டுக் கோப்புகளுக்கு, லிப்ரே ஆபீசின் பூட்டுக் கோப்பும் அவ்வகையே, நேரத்தை ஒப்பிடும் முறை பயன்படும். பூட்டிய கணினி கடைசியாக எப்போது தொடங்கப்பட்டது என்பதை 'அப்டைம்' கட்டளையால் அறியலாம். பூட்டின் நேரம் அதற்கு முற்பட்டதாக இருந்தால், கணினி அணைந்து எழுந்த பின் பழைய நிரல் இருக்க வழியே இல்லை. பூட்டு கைவிடப்பட்டது என்பது உறுதி. பேட்டைப் பள்ளியில் பூட்டு முந்தைய நாள் 3.20 மணிக்குப் போடப்பட்டு, கணினி இன்று காலை 9.15க்குத் தொடங்கப்பட்டிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்தது. ஆனால் கணினியின் கடிகாரம் சரியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்துபோன பழைய கணினிகள், இணைய இணைப்பும் இல்லாவிட்டால், பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதியைக் காட்டும். அப்படிப்பட்ட கணினி போட்ட பூட்டின் தேதியை நம்பக் கூடாது.

பூட்டியவர் உயிருடனும் வேலையிலும் இருந்தால் தீர்வு கணினிக்கு வெளியே இருக்கிறது. அவரிடம் போய் 'சேமித்துவிட்டு மூடுங்கள் சார்' என்று சொல்வதுதான். அவர் திரையைத் திறந்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போயிருந்தால் ஆளனுப்பிக் கூப்பிட வேண்டும். அவருடைய நிரலை வலிந்து நிறுத்தினால் சேமிக்காத திருத்தங்கள் போகும். கட்டாய நிறுத்தக் கட்டளை நிரலுக்குச் சேமிக்கவோ தன் பூட்டுக் கோப்பைத் துடைக்கவோ அவகாசமே தராது. முரணைத் தீர்க்கப் போய் இன்னொரு கைவிடப்பட்ட பூட்டை உண்டாக்கும். வேறு வழியே இல்லாதபோது முதலில் மென்மையான நிறுத்தக் குறிப்பை அனுப்பிச் சற்றுக் காத்திருக்க வேண்டும்.

பூட்டுக் கோப்பை அழிக்கும் முன்

கைவிடப்பட்டது என்று உறுதியான லிப்ரே ஆபீஸ் பூட்டுக் கோப்பை அழிக்கலாம். அதற்கு முன் மூல ஆவணத்தின் படி ஒன்றை வேறு பெயரில் எடுத்து வைப்பது முறை. அழிக்கும்போது பெயரை இருமுறை பார்க்க வேண்டும். பூட்டுக் கோப்புக்கும் ஆவணத்துக்கும் பெயரில் வேறுபாடு முன்னும் பின்னும் உள்ள சில குறிகள் மட்டுமே.

எல்லாப் பூட்டுக் கோப்புக்கும் இந்த வழி பொருந்தாது. டெபியன் வழிவந்த லினக்ஸ்களில், அதாவது சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சிலும், பாடநூலில் வரும் உபுண்டுவிலும், மென்பொருள் நிறுவும்போது 'பூட்டைப் பெற முடியவில்லை' என்ற செய்தி வரும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் இருந்ததால் பலர் இதைப் பார்த்திருப்பர். செய்தியில் 'லாக்' என்ற சொல் அடங்கிய ஒரு கோப்பின் பெயர் இருக்கும். அதை அழித்துவிடும்படி அறிவுரை கூறுவோர் உண்டு. அது தவறு. அந்தக் கோப்பு எப்போதும் அங்கேயே இருப்பது; அது இருப்பதால் எதுவும் பூட்டப்படுவதில்லை. அதன்மேல் ஓடும் நிரல் கெர்னலிடம் பெற்றிருக்கும் பூட்டுதான் உண்மையான பூட்டு. கோப்பை அழித்தால் அடுத்த நிரல் அதே பெயரில் புதுக் கோப்பை உருவாக்கி அதைப் பூட்டும். கெர்னலைப் பொறுத்தவரை பழையதும் புதியதும் வெவ்வேறு கோப்புகள், ஏனெனில் கெர்னல் பூட்டு கோப்பின் பெயருக்கு உரியதன்று, வட்டில் அதற்கு உள்ள உள் எண்ணுக்கு உரியது. இப்போது இரண்டு நிறுவிகள் ஒரே நேரத்தில் மென்பொருள் பட்டியலை மாற்றத் தொடங்கும், பட்டியல் சிதையும். இச்செய்திக்குப் பெரும்பாலும் காரணம், பின்னணியில் தானாக ஓடும் பாதுகாப்புப் புதுப்பிப்பு. புதிய பதிப்புகளில் பூட்டியிருக்கும் நிரலின் எண்ணும் பெயரும் செய்தியிலேயே இருக்கும். சில நிமிடம் பொறுத்தால் தானே விலகும்.

ஃபயர்பாக்ஸ் உலாவி தரும் 'ஏற்கெனவே இயங்குகிறது, ஆனால் பதிலளிக்கவில்லை' என்ற செய்தியும் இந்த இனம்தான். மாணவரின் கோப்புகள் சர்வரில் இருக்கும் ஆய்வகத்தில், அவர் ஒரு கணினியில் வெளியேறாமல் எழுந்துபோய் வேறு கணினியில் உள்நுழைந்தால் இது வரும். உலாவி தன் அமைப்புக் கோப்புறையில் வைக்கும் பூட்டு ஒரு சுட்டியாக இருக்கும். அது காட்டும் முகவரியில் கணினியின் இணைய எண்ணும் நிரல் எண்ணும் இருக்கின்றன. எந்தக் கணினியில் வெளியேற மறந்தார் என்பது அதிலிருந்தே தெரியவரும்.

முட்டுக்கட்டை

சில முரண்களில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரு நிரல் மதிப்பெண் கோப்பைப் பூட்டிக்கொண்டு வருகைப் பதிவுக் கோப்புக்காகக் காத்திருக்கிறது. மற்றொன்று வருகைப் பதிவைப் பூட்டிக்கொண்டு மதிப்பெண் கோப்புக்காகக் காத்திருக்கிறது. இரண்டும் நகராது. எல்எஸ்லாக்ஸ் பட்டியலில் இரு நிரல்களும் ஒன்றை வைத்துக்கொண்டும் இன்னொன்றுக்குக் காத்துக்கொண்டும் தோன்றினால் இதுவே காரணம். போசிக்ஸ் முறைப் பூட்டுகளில் கெர்னல் இத்தகைய சுழலைக் கண்டு ஒரு நிரலுக்குப் பிழை தெரிவிக்கும்; எஃப்லாக் முறையில் அந்தச் சோதனை கிடையாது. எல்லா நிரல்களும் கோப்புகளை ஒரே வரிசையில் பூட்டும்படி எழுதினால் முட்டுக்கட்டை எழாது.

முரணைக் குறைத்தல்

ஒரே கோப்பில் எல்லாவற்றையும் குவிப்பதே முரணின் பெரிய ஊற்று. பேட்டைப் பள்ளியில் பாடத்துக்கு ஒரு கோப்பு வைத்து, தேர்வுப் பொறுப்பாசிரியர் மட்டும் அவற்றை ஒருங்கிணைத்தால் தமிழும் கணிதமும் மோத வேண்டியதே இல்லை.

பெரிய அமைப்புகள் முழுக் கோப்பைப் பூட்டாமல் பதிவைப் பூட்டுகின்றன. 1985இல் புதுதில்லியில் தொடங்கிய ரயில்வே கணினி முன்பதிவு, பின்னர் கிரிஸ் நிறுவனத்தின் கான்செர்ட் மென்பொருளால் 1999க்குள் நாடு முழுவதும் இணைக்கப்பட்டது. திருநெல்வேலிச் சந்திப்பிலும் சென்னை எழும்பூரிலும் ஒரே நொடியில் நெல்லை எக்ஸ்பிரசின் ஒரே படுக்கையைக் கேட்டாலும் ஒருவருக்கே அது கிடைக்க வேண்டும். அதேவேளையில் மற்ற பெட்டிகளுக்கான முன்பதிவு நிற்கவும் கூடாது. முழுக் கோப்பையும் பூட்டும் முறையில் இது நடக்காது. கூகுள் ஷீட்ஸ் போன்ற இணைய விரிதாள்கள் பூட்டையே தவிர்த்து, ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனியாகச் சர்வருக்கு அனுப்பி அங்கே இணைக்கின்றன. இணைய இணைப்பு விட்டுவிட்டு வரும் பள்ளிகளில் இதை மட்டும் நம்பியிருக்க இயலாது. அங்கே பாடத்துக்கொரு கோப்பும், ஆளுக்கொரு கணக்கும், மாலையில் ஆய்வகத்தைப் பூட்டும் முன் எல்லாக் கணினிகளிலும் முறையாக வெளியேறியிருக்கிறார்களா என்று பார்க்கும் ஒருவரும் இருந்தால், மறுநாள் காலை வரும் புகார்கள் பெரும்பாலும் நின்றுவிடும்.